பட்டியலின் முதல் வரி

2019 ஜூலையில் பொறியியல் கலந்தாய்வுக்காக ஒரு மாணவனுக்கு நான் எழுதிக்கொடுத்த விருப்பக் கல்லூரிப் பட்டியல் இன்னும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. மொத்தம் 32 வரிகள். முதல் வரியில் எந்தக் கல்லூரி, ஏழாவது வரியில் எந்தக் கல்லூரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த முதல் வரியும் ஏழாவது வரியும் இடம் மாறியிருக்க வேண்டும். அதுதான் என்னை இத்தனை வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து எங்கள் பள்ளி வராந்தாவில் பெற்றோர்கள் உட்கார ஆரம்பித்துவிடுவார்கள். "டீச்சரம்மா, இவன எதுல சேக்கலாம்?" என்ற ஒரே கேள்வியோடுதான் எல்லாரும் வருவார்கள். கொத்தனார், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், இட்லிக்கடை வைத்திருப்பவர். தங்கள் வீட்டில் யாரும் ஏறாத ஒரு படியைப் பிள்ளை ஏறப்போகிறது, எந்தப் பக்கம் கைப்பிடி இருக்கிறது என்று நம்மிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் பல வருடம் மிக வேகமாகப் பதில் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் இப்போது எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பையனை முத்து என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அதுவல்ல. 200-க்குப் பார்க்கும் கட்-ஆஃப் மதிப்பெண் 160-ஐ ஒட்டி. ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்டான். கணினி முன்னால் உட்கார்ந்து அவன் அதை முதலில் போடப் போனபோது நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "அது கிடைக்கிறது கஷ்டம்டா. அதப் போய் முதல்ல போட்டீன்னா கையில இருக்கிறதும் போயிடும். நிச்சயமாக் கிடைக்கிறத மேல போடு" என்றேன். அவன் மறுபேச்சு பேசவில்லை. ஒரு தனியார் கல்லூரி முதல் வரிக்குப் போனது, அரசுக் கல்லூரி ஏழாவதுக்கு இறங்கியது. ஒதுக்கீடு வந்தது. முதல் வரியே கிடைத்தது. நான் பெருமைப்பட்டேன், ஸ்டாஃப் ரூமில் இனிப்புகூடக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சுற்றின் ஒதுக்கீட்டு விவரத்தை வேறொரு மாணவிக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துவின் சமூகப் பிரிவிலேயே, முத்துவைவிட ஒன்றரை மதிப்பெண் குறைந்த ஒரு மாணவருக்கு அந்த அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்திருந்தது. மூன்று தடவை பார்த்தேன். உடனே 'அப்வேர்ட்' (பட்டியலில் மேலே நகரக் கேட்பது) கொடுக்கலாமே என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. கிடைத்த இடத்துக்கு மேலே உள்ள வரிகளுக்கு மட்டும்தான் அப்வேர்டில் நகர முடியும். அவனுக்குக் கிடைத்தது முதல் வரி. அதற்கு மேலே என்ன இருக்கிறது?

நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் அப்பா வங்கியில் கல்விக்கடனுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

கிண்டியில் ஒரு திரை

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தால் 2004-க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த வருடம் என் தம்பிக்குக் கலந்தாய்வு. அப்போது நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத்தேர்விலிருந்து 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப் பார்ப்பார்கள். (2007 சேர்க்கையிலிருந்துதான் நுழைவுத்தேர்வு இல்லாமல் ஆகி, கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு வந்தது.) அப்பா, தம்பி, நான் மூவரும் ராத்திரி ரயில் ஏறி, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா சட்டைப்பையில் டிமாண்ட் டிராஃப்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கூடத்தில் பெரிய திரை. எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எத்தனை இடம் மிச்சம் என்று எண்கள் குறைந்துகொண்டே வரும். நாங்கள் குறிவைத்த இடம் கண் முன்னாலேயே 3, 2, 1 என்று இறங்கிக் காணாமல் போனது. தம்பி முறை வரும்போது மிச்சமிருந்ததில் ஒன்றைச் சில நிமிடங்களில் தேர்ந்தெடுத்தோம். "கைக்கு எட்டுறதப் பிடிச்சுக்கோ" என்றார் அப்பா. அன்றைக்கு அது சரியான புத்திதான்.

2018-இல் கலந்தாய்வு இணையத்துக்கு வந்ததும் அந்தப் புத்தியையும் நான் கூடவே எடுத்து வந்துவிட்டேன். ஆனால் இணையக் கலந்தாய்வில் நாம் அந்தக் கூடத்தில் இல்லை, நமக்குப் பதிலாக நம் பட்டியல் உட்கார்ந்திருக்கிறது. தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே படித்து, காலியாக இருக்கிற முதல் வரியை ஒதுக்குகிறார்கள். மேலே இருப்பது காலியில்லை என்றால் அடுத்த வரி, அதுவும் இல்லை என்றால் அதற்கடுத்தது. கிடைக்காத கல்லூரியை முதல் வரியில் போட்டதற்காக யாருடைய இடமும் பறிபோவதில்லை. 150 கட்-ஆஃப் உள்ள பிள்ளை, கல்லூரி எண் 1 என்று கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டாலும், 2006 என்று பி.எஸ்.ஜி.யை அடுத்துப் போட்டாலும், அந்த இரண்டு வரிகளையும் தாண்டி மூன்றாவதைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதனால் பட்டியலை 'எது கிடைக்கும்' என்ற வரிசையில் எழுதவே கூடாது. 'எது வேண்டும்' என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். எது கிடைக்கும் என்பதை நம் தரவரிசை பார்த்துக்கொள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள கணக்கு டீச்சருக்கு ஒரு பையனின் நான்கு வருடம் செலவானது.

அதற்கப்புறம் நான் திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பழைய ஆண்டுகளின் கட்-ஆஃபை எடுத்து, சமூகப் பிரிவு வாரியாக அட்டவணை போட்டு, மேலிருந்து கீழாக அழகாக வரிசைப்படுத்தி வைத்தேன். போன வருடம் எந்தக் கல்லூரியின் கடைசி இடம் அதிகக் கட்-ஆஃபில் நிரம்பியதோ அது மேலே, குறைவானது கீழே. 2020, 2021, 2022 என்று மூன்று வருடம் பிள்ளைகள் என் அட்டவணையைப் பார்த்து அப்படியே தட்டினார்கள். ஒருவரும் தப்பான வரிசையில் போடவில்லை. ஊரில் என் பெயர் பரவியது, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூட வந்தார்கள்.

"எனக்குப் பிடிச்சதுன்னு எப்படித் தெரியும்?"

2023-இல் கயல் வந்தாள் (இதுவும் மாற்றிய பெயர்). ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளிதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டத்தால் அவளுக்குத் தனியாக ஒரு தரவரிசையும் உண்டு, அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்றுக்கொள்ளும். முத்துவுக்கு இல்லாத வசதி. 'பணம் ஒரு பிரச்சினை இல்லை, இனி எல்லாம் கட்-ஆஃப் கணக்குதான்' என்று எனக்குள் ஒரு தெம்பு இருந்தது. அட்டவணையை அவள் பக்கம் திருப்பி, "இந்தா, இதுல உனக்குப் பிடிச்ச வரிசையில நம்பர் போட்டுக் குடு" என்றேன்.

அவள் பென்சிலை எடுத்தாள். பேப்பரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியில் மதிய உணவு மணி அடித்து, பிள்ளைகள் தட்டோடு ஓடுகிற சத்தம் வந்தது. இவள் இன்னும் முதல் எண்ணைப் போடவில்லை. நான் வேறு ஒரு விண்ணப்பத்தைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினேன், அப்போதும் பேப்பர் வெறுமையாகவே இருந்தது. "என்னம்மா?" என்றேன்.

"எனக்குப் பிடிச்சதுன்னு எப்படி டீச்சர் தெரியும்? நான் ஒரு காலேஜுக்குள்ளகூடப் போனதில்லையே."

அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். நான் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். 18 வருட வேலையில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு கல்லூரியின் வாசலையாவது மிதித்திருப்பார்கள்? ஒரு புடவை எடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிற ஊர் இது. மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்க மாட்டார். நான்கு வருடம் ஒரு பெண் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அழுது, சிரித்து இருக்கப்போகிற இடத்தை மட்டும் நான்கு இலக்க எண்ணாகப் பார்த்து முடிவு செய்கிறோம்.

என் அட்டவணையின் வரிசை யாருடையது என்றும் அன்றைக்குத்தான் யோசித்தேன். போன வருடக் கட்-ஆஃப் என்றால் போன வருடப் பிள்ளைகளின் விருப்பம். அவர்களும் அதற்கு முந்தின வருடக் கட்-ஆஃபைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். யாரோ ஒருவர் எப்போதோ போய்ப் பார்த்ததை, பார்க்காத நூறு பேர் பின்தொடர்கிறோம். கட்-ஆஃப் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை, ஓரளவு தரத்தை அது காட்டத்தான் செய்கிறது. ஆனால் கயலுக்கு எது ஏற்றது என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. முத்துவுக்கு நான் என் பயத்தை வரிசையாக எழுதிக்கொடுத்தேன். அதற்குப் பின் வந்தவர்களுக்கு ஊரின் விருப்பத்தை எழுதிக்கொடுத்தேன். பிள்ளையின் வரிசை எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஒரு புதன்கிழமை

ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை, ஆறு பிள்ளைகள், இரண்டு அம்மாக்கள், நான் என்று திருச்சி பஸ் ஏறினோம். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். கல்லூரி நடக்கிற நாளில்தான் கல்லூரியைப் பார்க்க முடியும். வழியில், புதுக்கோட்டை சாலையிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வளாகம் வரும். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருந்தும், பிள்ளைகள் அன்றைக்குத்தான் ஜன்னல் பக்கம் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவன் கேட்டான், "டீச்சர், திருச்சியில என்.ஐ.டி. இருக்குல்ல, அது ஏன் நம்ம லிஸ்ட்டுல வரல?" அது மத்திய அரசுக் கல்லூரி, அதற்கு ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், அது தனிக் கலந்தாய்வு, அங்கே பாதி இடம் நம் மாநிலப் பிள்ளைகளுக்கே என்று சொன்னேன். "இதப் போன வருஷமே சொல்லியிருந்தா எழுதியிருப்பேனே" என்றான். பதில் இல்லை எனக்கு. 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கல்லூரியின் கதவு எந்தப் பக்கம் என்று நேரம் கடந்து சொல்கிறோம். இப்போது பிளஸ் ஒன் வகுப்பிலேயே முதல் வாரம் இதைப் பேசிவிடுகிறேன்.

மூன்று கல்லூரிகள் பார்த்தோம். பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு நாளில் பார்த்ததை வைத்து ஒரு கல்லூரிக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ கொடுப்பது நியாயமில்லை.

முதல் கல்லூரியின் வளைவு கோயில் கோபுரம் மாதிரி இருந்தது. வரவேற்பறையில் ஏசி, எல்லாருக்கும் ஜூஸ். சுவர் நிறைய வேலை கிடைத்தவர்களின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் சம்பளம். பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். லேப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அட்மிஷன் போட்டதுக்கப்புறம் எல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்றார் அங்கிருந்தவர். இரண்டாம் தடவை கேட்டதும் ஒரு கணினி லேப்பை மட்டும் திறந்து காட்டினார்கள். கயலின் அம்மா தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போய், பெண்கள் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றில் இரண்டில் தாழ்ப்பாள் இல்லை என்று என் காதில் சொன்னார். நான் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்த பட்டியலில் கழிப்பறை இல்லவே இல்லை. அவருக்கு யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது கல்லூரி பழையது. சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, அலுவலகத்தில் யாரும் நம்மைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பட்டறையை ஒரு ஊழியர் தானாகத் திறந்து காட்டினார். லேத்துக்கு அடியில் இரும்புச் சீவல் சுருள் சுருளாகக் கிடந்தது. "இது நேத்து செஞ்சதா?" என்று கேட்டேன், "காலைல செஞ்சது, இன்னும் கூட்டல" என்றார். நூலகத்தில் வருகைப் பதிவேடு வாசலிலேயே இருந்தது. கயல் அதைப் புரட்டிப் பார்த்தாள், அன்றைக்கு மட்டும் இரண்டு பக்கம் கையெழுத்து. எலக்ட்ரானிக்ஸ் லேப்பில் மூன்று பெண்கள் தலையைக் குனிந்து ஏதோ ஒரு பலகையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். கயல் அங்கே போய் நின்றவள்தான், கிளம்பலாம் என்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகே வந்தாள். அவர்களில் ஒரு பெண் அறந்தாங்கிக்காரியாம். எங்கள் பக்கத்துப் பேச்சுதான்.

மூன்றாவது, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி. கட்டடம், விடுதி எல்லாம் சுத்தம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டவுன் பஸ் கிடையாது. எதிரே இருந்த டீக்கடையில் இரண்டாம் வருடப் பையன்கள் நின்றிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளைப் போய்ப் பேசச் சொல்லிவிட்டு நான் தள்ளி நின்றுகொண்டேன். டீச்சர் பக்கத்தில் இருந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். திரும்பி வந்து சொன்னார்கள்: "ஒரே செமஸ்டர்ல கணக்குக்கு மூணு சார் மாறிட்டாங்களாம் டீச்சர்." வாத்தியார்கள் தங்காத இடத்தில் பாடம் எப்படித் தங்கும்? அதற்கப்புறம் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் எங்கள் பிள்ளைகள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்: போன வருடம் பாடம் எடுத்தவர்கள் இந்த வருடமும் இருக்கிறார்களா?

சுவரில் இருந்த சம்பளம்

அந்த முதல் கல்லூரியின் சுவர்ப் படங்கள் பிள்ளைகள் மனதை விட்டுப் போகவில்லை. "12 லட்சம் டீச்சர்!" என்று பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். மறுநாள் வகுப்பறையில் உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டேன். நூறு பேரில் ஒருவருக்கு 12 லட்சம், மற்றவர்களுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் என்றாலும் அந்த ஒருவர் படம் சுவரில் இருக்கும். கீழ் வகுப்புகளில் 'இடைநிலை அளவு' என்று படித்தார்களே, எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் சம்பளம், அதைத்தான் கேட்க வேண்டும். சரி, யாரிடம் கேட்பது?

பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்லூரித் தரவரிசை 2016-லிருந்து வருகிறது. அந்த வரிசையில் எத்தனையாவது இடம் என்பதைத்தான் எல்லாரும் விளம்பரம் செய்வார்கள், கேட்பார்கள். அதைவிட உபயோகமானது, அதற்காக ஒவ்வொரு கல்லூரியும் கொடுக்கிற விவரத் தாள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நான்கே வருடத்தில் தேறி வெளியே வந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். கல்லூரியே கொடுக்கும் கணக்குதான், அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் சுவரில் இருக்கும் படத்தைவிட அது எவ்வளவோ நேர்மையானது. பங்கெடுக்காத கல்லூரிகளுக்கு அந்தத் தாள் இருக்காது. அவற்றுக்கு, தானே தேர்வு நடத்துகிற தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால், அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கலாம். 'என்.பி.ஏ. (படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்று பலகை இருந்தால், எந்தப் பிரிவுக்கு என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அது துறைவாரியாகக் கொடுப்பது, கல்லூரி முழுமைக்கும் கிடையாது. சிவிலுக்கு வாங்கிவிட்டு வாசலில் மாட்டியிருப்பார்கள், நாம் சேர்வது வேறு துறையாக இருக்கும்.

கணினி மையங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு மையத்தில் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் செல்பேசி எண்ணாக மையத்துக்காரரின் எண்ணையே போட்டிருந்தார். குறுஞ்செய்தி அவருக்குப் போகும், கடவுச்சொல் அவரிடம் இருக்கும். ஒதுக்கீடு வந்தால் அதை உறுதி செய்ய இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளும் அவர் கடையைப் பூட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனதில் ஒரு பெண்ணின் இடம் போனது. சொந்த எண், சொந்தக் கடவுச்சொல், ஒரு நோட்டில் எழுதி வீட்டில் ஒரு நகல். இதை மட்டும் பிள்ளைகளிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு 'வேறு இடத்துக்குப் போனால் தர மாட்டோம்' என்று சொல்ல எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது என்பதையும்.

கயலின் வரிசை

சாய்ஸ் ஃபில்லிங், அதாவது பட்டியலை இணையத்தில் பதிவது, தொடங்குவதற்கு முன்னாலேயே கயல் ஒரு நோட்டில் பட்டியலை எழுதி வந்தாள். 27 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரு காரணம் எழுத வேண்டும் என்பது மட்டும்தான் நான் வைத்த நிபந்தனை. காரணம் எழுத முடியாத கல்லூரியைச் சேர்க்கக் கூடாது, கிடைத்தாலும் போகப்போவதில்லை என்றால் அந்த வரி வேண்டாம். முதல் வரி பி.ஐ.டி. வளாகம். இரண்டாவது, அந்தச் சுண்ணாம்பு உதிர்ந்த கல்லூரியில் இ.சி.இ. என்ற எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. எதிரில் 'அறந்தாங்கி அக்கா. லேப்புல பொண்ணுங்க இருந்தாங்க' என்று எழுதியிருந்தாள். போன வருடக் கட்-ஆஃப் கணக்குப்படி அதற்கு மேலே இருக்க வேண்டிய, ஜூஸ் கொடுத்த கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் பதினோராவது வரியில் இருந்தது.

அவள் மாமா சண்டைக்கு வந்தார். "ஊர்ல எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடிச்சுக்கிறான், இவளுக்குக் கிடைக்கும்னு நீங்களே சொல்றீங்க, வேணாம்னு சொல்ல இவ யாரு?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். பென்சிலை எடுத்து அந்தப் பதினொன்றை இரண்டாக்கிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாமாவிடம் கேட்டேன், "நீங்க அந்த ரெண்டு காலேஜையும் பாத்திருக்கீங்களா?" இல்லை என்றார். "அவ பாத்திருக்கா" என்றேன். அதற்கு மேல் எனக்கும் பேசத் தெரியவில்லை. அவர் கோபமாகத்தான் எழுந்து போனார். சமாதானம் ஆனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் பள்ளிக் கணினியில் அவளே தட்டினாள். எண் ஒரு இலக்கம் மாறினால் கல்லூரியே மாறும், ஒரே பெயரில் இரண்டு மாவட்டங்களில் கல்லூரிகள் இருக்கின்றன, 2010-இல் தொடங்கிய தமிழ்வழி மெக்கானிக்கலும் சிவிலும் தனிக் குறியீட்டோடு தனி வரியாக வரும். அதனால் ஒருத்தி படிக்க, ஒருத்தி தட்ட, மூன்றாமவள் நோட்டோடு சரிபார்க்க என்று மூன்று பெண்களாக உட்கார்ந்து செய்தார்கள். நான் கதவு பக்கம் நாற்காலியில் இருந்தேன். இரண்டாவது வரி கிடைத்தது. அப்வேர்டும் கொடுத்துப் பார்த்தாள், முதல் வரிக்கு நகரவில்லை. சேர்ந்துவிட்டாள்.

அந்த ஆறு பேரில் ஒரு பையன் மூன்று கல்லூரியையும் பார்த்துவிட்டு, எனக்கு இன்ஜினியரிங்கே வேண்டாம் டீச்சர் என்று புதுக்கோட்டை மாமன்னர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தான். அன்றைக்கு அந்தப் பஸ் டிக்கெட்டுக்கு அவன் செலவழித்த பணம் வீண் இல்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த நோட்டு பள்ளியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் அதில் எழுதுகிறார்கள். 'விடுதியில் இரவு 9-க்கு மேல் வைஃபை இல்லை.' 'சாம்பார் பரவாயில்லை.' 'லேப் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டோம், தெரியவில்லை.' 'வாட்ச்மேன் தாத்தா நல்லவர்.' என் அட்டவணையைவிட அடுத்த வருடப் பிள்ளைகள் இதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

போன தீபாவளிக்கு முத்து வீட்டுக்கு வந்திருந்தான். ஓசூரில் ஒரு ஆலையில் வேலை பார்க்கிறான், கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றான். முறுக்குத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். முதல் வரி, ஏழாவது வரி, அந்த ஒன்றரை மதிப்பெண், எல்லாவற்றையும். குரல் ஒரு இடத்தில் தடுமாறியது. அவன் முறுக்கை உடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். அலாட்மென்ட் வந்த அன்னைக்கே கூடப் படிச்சவன் சொல்லிட்டான்" என்றான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க அடுத்த வருஷம் யாருக்கும் பாக்க மாட்டீங்கன்னு தோணுச்சு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அவன் தங்கை இப்போது என்னிடம்தான் பிளஸ் டூ படிக்கிறாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஜூனில் காலேஜ் பார்க்கப் போகிறீர்களாமே, எத்தனை பேர் என்று விசாரித்தான். இந்த வருடம் பதினான்கு பேர், பஸ்ஸில் அழைத்துப்போவது கஷ்டம்தான் என்றேன்.

"எந்தப் புதன்கிழமைன்னு மட்டும் முன்னாடியே சொல்லுங்க டீச்சர். லீவு போட்டுட்டு வேன் எடுத்துக்கிட்டு வந்துடுறேன்."